புரோகிராமிங் புதிதாகக் கற்பவர்களுக்கு: ஈபி பில்லை வைத்து பைத்தான் கற்கும் வழி

புரோகிராமிங் கற்க வேண்டும் என்று முடிவெடுத்தவர்களில் பலர் முதல் மாதத்தைத் தேடுவதிலேயே தொலைத்துவிடுகிறார்கள். எந்த மொழி நல்லது, எந்த கோர்ஸ் நல்லது, எந்த யூடியூப் சேனல் நல்லது என்று பார்த்துப் பார்த்து, வீடியோக்களை ‘பிறகு பார்க்கலாம்’ என்று சேர்த்துவைத்து, கடைசியில் ஒரு வரிகூட டைப் செய்யாமல் சலித்துப்போகிறார்கள். கோர்ஸை முழுதாக முடித்தவர்களின் நிலையும் பல நேரம் இதுதான். வீடியோவில் ஆசிரியர் எழுதும்போது எல்லாம் புரிகிறது. வீடியோவை மூடிவிட்டு வெற்றுத் திரையைத் திறந்தால் கை ஓடுவதில்லை.

இங்கே சொல்லப்போவது வேறு வழி. விடை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு வீட்டுக் கணக்கை எடுங்கள். அதைப் புரோகிராமாக எழுதுங்கள். பிறகு அதையே வாரத்துக்கு ஒரு படி என்று வளர்த்துக்கொண்டு போங்கள். மொழியின் ஒவ்வொரு அம்சத்தையும் அந்தக் கணக்கு கேட்கும்போது கற்றால் போதும். நான் எடுத்துக்கொள்வது மின் கட்டணம். ஈபி பில்லில் விடை அச்சடித்தே இருக்கிறது, அதனால் நீங்கள் எழுதிய புரோகிராம் சரியா தவறா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மொழியைத் தேர்ந்தெடுத்தல்

பைத்தான். இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். கைடோ வான் ரோஸம் என்ற நெதர்லாந்துக்காரர் 1991-இல் வெளியிட்ட மொழி இது. இலவசம், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், படித்தால் ஓரளவுக்குப் புரியும். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸிலேயே பைத்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் அந்தப் பாடநூல் இருந்தால் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள், தமிழ்வழிப் பதிப்பும் உண்டு.

வெப்சைட் செய்வதில்தான் ஆர்வம் என்றால் ஜாவாஸ்கிரிப்டில் தொடங்குவதிலும் தவறில்லை. கல்லூரியில் முதல் செமஸ்டரிலேயே சி மொழி வைத்திருந்தால் அதைப் படித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் ஒன்று. இன்றும் சில கல்லூரி லேப்களில் நீலத் திரையோடு டர்போ சி பிளஸ் பிளஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. அது தொண்ணூறுகளின் தொடக்கத்துச் சரக்கு. அதில் பழகிய சில வரிகள், உதாரணமாகத் திரையைத் துடைக்கும் ‘கிளியர் ஸ்கிரீன்’ கட்டளை, ஜிசிசி போன்ற இன்றைய கம்பைலரில் (நாம் எழுதியதைக் கம்ப்யூட்டர் ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) அப்படியே ஓடாது. லேப் தேர்வுக்கு அதைப் பயன்படுத்துங்கள், வீட்டில் ஜிசிசியில் பழகுங்கள்.

‘எனக்கு ஆங்கிலம் வராதே’ என்று தயங்குபவர்களுக்கு: பைத்தானுக்கென்று ஒதுக்கப்பட்ட ஆங்கிலச் சொற்கள் மொத்தம் 35. முதல் சில மாதங்களில் அதில் பாதிகூடத் தேவைப்படாது. இஃப், எல்ஸ், ஃபார், வைல், ரிட்டர்ன் போன்ற சின்னச் சின்னச் சொற்கள்தான். ஆங்கிலம் நிஜமாகத் தேவைப்படும் இடம் எரர் செய்தியைப் படிக்கும்போது வருகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

முதல் படி: கம்ப்யூட்டரைத் தயார் செய்தல்

பைத்தானின் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்து இன்ஸ்டாலரை இறக்குங்கள். விண்டோஸில் இன்ஸ்டாலரின் முதல் திரையிலேயே, கீழே, ‘பாத்’தில் (விண்டோஸ் புரோகிராம்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) பைத்தானைச் சேர்க்கவா என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதை டிக் செய்துவிட்டுத்தான் அடுத்த பட்டனை அழுத்த வேண்டும். அதை விட்டுவிட்டால் டெர்மினலில், அதாவது கட்டளைகளை டைப் செய்யும் ஜன்னலில், பைத்தான் என்று டைப் செய்ததும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்ளும், நீங்கள் விழிப்பீர்கள். அப்படி ஆனால் பதறாமல் இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டி, ‘மாடிஃபை’யை அழுத்தி, அடுத்தடுத்த திரைகளில் பைத்தானை ‘என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்’இல் சேர்க்கும் கட்டத்தை டிக் செய்யுங்கள்.

எழுதுவதற்கு எடிட்டர் தனியாகத் தேட வேண்டாம். பைத்தானோடு ஐடில் என்று ஒன்று சேர்ந்தே வருகிறது, எஃப்5 அழுத்தினால் புரோகிராம் ஓடும். அதைவிட நல்லது வேண்டுமென்றால் தானி. எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் தொடக்கநிலையாளர்களுக்காகவே உருவானது. ஒவ்வொரு வரியாக ஓட்டி, எந்த மாறியில் என்ன மதிப்பு இருக்கிறது என்று பக்கத்திலேயே காட்டும். எல்லோரும் சொல்லும் விஎஸ் கோடு நல்ல கருவிதான், ஆனால் அதன் பட்டன்களையும் எக்ஸ்டென்ஷன்களையும் புரிந்துகொள்வதே தனிப் பாடம். இரண்டு மூன்று மாதம் போகட்டும்.

லேப்டாப் இல்லையா? ஆண்ட்ராய்டு போனில் பைட்ராய்டு 3 என்ற ஆப்பில் பழகலாம். பிரவுசிங் சென்டரில் உட்காருகிறீர்கள் என்றால் பிரவுசருக்குள்ளேயே பைத்தானை ஓட்டும் கூகுள் கோலாப் போதும், எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. போன் கீபோர்டில் அடைப்புக்குறியும் மேற்கோள்குறியும் தேடுவது எரிச்சலான வேலை, அதனால் பழைய செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒன்று கிடைத்தால் தயங்க வேண்டாம். 4 ஜிபி ரேம் இருந்தாலே தாராளம்.

ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது ஒரு கவனம் தேவை. ‘ரேண்டம்’, ‘டர்ட்டில்’ என்றெல்லாம் வைக்காதீர்கள். அவை பைத்தானோடு வரும் மாட்யூல்களின், அதாவது தயாராக எழுதிவைத்த கோடு ஃபைல்களின், பெயர்கள். பிறகு நீங்கள் அந்த மாட்யூலைக் கூப்பிடும்போது பைத்தான் உங்கள் ஃபைலையே எடுத்துக்கொள்ளும். நேற்று வரை ஓடிய புரோகிராம் இன்று ஏன் ஓடவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

இரண்டாம் படி: முதல் வாரத்தில் ஐந்தே விஷயங்கள்

திரையில் காட்ட பிரிண்ட், மதிப்பை வைத்துக்கொள்ள மாறி, பயனரிடம் கேட்க இன்புட், முடிவெடுக்க இஃப், திரும்பத் திரும்பச் செய்ய ஃபார். இந்த ஐந்தும் போதும்.

எதையும் காப்பி பேஸ்ட் செய்யாதீர்கள். இது ஒழுக்கத்துக்காகச் சொல்வதில்லை. கையால் டைப் செய்யும்போதுதான் எங்கே முக்காற்புள்ளி வரும், எங்கே உள்தள்ளல் வரும் என்பது விரலுக்குப் பழகும். இன்னொரு காரணமும் உண்டு. வாட்ஸ்அப்பிலிருந்தோ வேர்டிலிருந்தோ எடுத்து ஒட்டினால் நேரான மேற்கோள்குறிகள் வளைந்த மேற்கோள்குறிகளாக மாறியிருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், பைத்தானுக்கு வளைந்தது செல்லாத எழுத்து. சின்டாக்ஸ் எரர் வரும், அந்த வரியில் எழுத்துப்பிழை எதுவுமே உங்கள் கண்ணில் படாது.

ஓட்டுவதற்கு முன் விடை என்ன வரும் என்று ஊகித்து நோட்டில் எழுதிவிடுங்கள். பிறகு ஓட்டுங்கள். ஊகம் தவறினால் அங்கேதான் பாடம் இருக்கிறது. உதாரணத்துக்கு, ஃபார் லூப்பில் 1 முதல் 10 வரை என்று ‘ரேஞ்ச்’ கொடுத்தால் 10 வராது, 9-உடன் நின்றுவிடும். ஊகித்துவிட்டு ஓட்டியவருக்கு இது மறக்காது. வீடியோவில் பார்த்தவருக்கு அடுத்த வாரமே மறந்துவிடும்.

பழைய வீடியோக்களை அடையாளம் காண ஒரு வழி. பிரிண்ட் என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி இல்லாமல் எழுதுகிறார்கள் என்றால் அது பைத்தான் 2. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்துவிட்டது. அந்த வீடியோவை மூடிவிடலாம்.

மூன்றாம் படி: எரரைப் படிக்கப் பழகுதல்

சிவப்பு எழுத்துகளைப் பார்த்ததும் பலரும் செய்வது, கண்ணை எடுத்துவிட்டு எழுதிய வரிகளை அங்கும் இங்கும் மாற்றிப் பார்ப்பது. இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் கற்றல் அங்கேயே நின்றுவிடும். தொடக்கத்தில் நீங்கள் பெற வேண்டிய திறமை ஒன்றே ஒன்று என்றால் அது எரரை நிதானமாகப் படிப்பதுதான்.

பைத்தான் எரரைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். கடைசி வரியில் என்ன வகை எரர், என்ன காரணம் என்று இருக்கும். அதற்குச் சற்று மேலே ஃபைல் பெயரும் வரி எண்ணும். முதல் மாதத்தில் நீங்கள் சந்திக்கப்போவது பெரும்பாலும் இவைதான்:

நேம் எரர் வந்தால் அந்தப் பெயரைப் பைத்தானுக்குத் தெரியாது என்று பொருள். பெரும்பாலும் எழுத்துப்பிழை. பைத்தான் 3 மாறிகளுக்குத் தமிழ்ப் பெயரையும் ஏற்கும், யூனிட் = 250 என்று தமிழிலேயே எழுதினால் ஓடும். மேலே யூனிட் என்று நெடிலில் எழுதிவிட்டுக் கீழே யுனிட் என்று குறிலில் எழுதினால் நேம் எரர்தான். 3.10 பதிப்பிலிருந்து, ‘இதைத்தான் சொல்ல வந்தீர்களா’ என்று சரியான பெயரையும் அதுவே எடுத்துக்கொடுக்கும்.

இன்டென்டேஷன் எரர் என்றால் உள்தள்ளல் சரியில்லை. பைத்தானில் எந்த வரி எதற்குள் அடங்கும் என்பதை இடைவெளிதான் தீர்மானிக்கிறது. எப்போதும் நான்கு ஸ்பேஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஃபைலில் ஒரு வரியில் டேப், இன்னொரு வரியில் ஸ்பேஸ் என்று கலந்தால் அதற்கென்றே தனி எரர் உண்டு.

சின்டாக்ஸ் எரர் இலக்கணப் பிழை. இதில் ஒரு சூட்சுமம். பைத்தான் காட்டும் வரியில் தவறே தெரியவில்லை என்றால் அதற்கு முந்தைய வரியைப் பாருங்கள். அங்கே மூடாத அடைப்புக்குறி இருக்கும். புதிய பதிப்புகள் எந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை என்று நேராகவே சொல்லிவிடும், அதனால் பழைய பதிப்பை வைத்துக்கொண்டு அவதிப்பட வேண்டாம்.

டைப் எரரும் வேல்யூ எரரும் அடுத்த படியில் நிச்சயம் வரும்.

ஒரு பயிற்சி: நன்றாக ஓடும் பத்து வரிப் புரோகிராமை எடுத்து, வேண்டுமென்றே ஒவ்வோர் இடமாகக் கெடுங்கள். ஒரு அடைப்புக்குறியை எடுங்கள், ஓட்டுங்கள், எரரைப் படியுங்கள், திரும்ப வையுங்கள். அடுத்து ஒரு முக்காற்புள்ளி. அடுத்து ஒரு எழுத்து. நீங்களே கெடுத்ததால் காரணம் தெரியும், எரர் அதை எப்படிச் சொல்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

நான்காம் படி: ஈபி பில்

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் அடுக்கடுக்காக விலை கூடும். இலங்கையிலும் வீட்டு மின்சாரத்துக்கு அடுக்குமுறைக் கட்டணம்தான், எண்கள் மட்டும் வேறு. விலை அவ்வப்போது மாறுவதால் இங்கே எளிமைக்காக நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன்: 100 வரை இலவசம், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய், 201 முதல் 400 வரை 4 ரூபாய், அதற்கு மேல் 6 ரூபாய். உங்கள் புரோகிராமில் மின்வாரிய இணையதளத்தில் இருக்கும் நடப்பு விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கீபோர்டைத் தொடாதீர்கள். முதலில் பேப்பரில் 250 யூனிட்டுக்குக் கணக்குப் போடுங்கள். முதல் 100-க்கு 0. அடுத்த 100-க்கு 200 ரூபாய். மீதி 50-க்கு 200 ரூபாய். மொத்தம் 400.

இப்போது நீங்கள் செய்ததைத் தமிழில் வரிவரியாக எழுதுங்கள்:

யூனிட் 100 அல்லது அதற்குக் கீழ் என்றால், கட்டணம் 0
இல்லை, 200 அல்லது அதற்குக் கீழ் என்றால், 100-க்கு மேல் உள்ளதை 2-ஆல் பெருக்கு
இல்லை, 400 அல்லது அதற்குக் கீழ் என்றால், 200 ரூபாயோடு, 200-க்கு மேல் உள்ளதை 4-ஆல் பெருக்கிக் கூட்டு
இது எதுவும் இல்லையென்றால், 1000 ரூபாயோடு, 400-க்கு மேல் உள்ளதை 6-ஆல் பெருக்கிக் கூட்டு

இதை எழுத முடிந்தால் புரோகிராமின் கடினமான பகுதி முடிந்தது. ‘என்றால்’ வரும் இடத்தில் இஃப், ‘இல்லை... என்றால்’ வரும் இடத்தில் எல்இஃப், கடைசி ‘இல்லையென்றால்’ இடத்தில் எல்ஸ். மூன்றாவது வரியின் கணக்கு பைத்தானில் இப்படி இருக்கும்:

கட்டணம் = 200 + (யூனிட் - 200) * 4

பலரும் முதலில் எழுதுவது வேறு மாதிரி: 250 யூனிட் 4 ரூபாய் அடுக்கில் வருகிறது, ஆகவே 250-ஐ 4-ஆல் பெருக்கு. விடை 1000 ரூபாய் வரும். எரர் எதுவும் வராது. புரோகிராம் ஒழுங்காக ஓடித் தவறான விடையைத் தருகிறது. இந்த வகைப் பிழையைப் பைத்தான் சொல்லாது, பேப்பர் கணக்குதான் சொல்லும். கணக்கு தெரிந்த விஷயத்தில் தொடங்கச் சொன்னது இதற்காகத்தான்.

அடுத்து, யூனிட்டைப் பயனரிடமே கேளுங்கள். இன்புட் கொண்டு வாங்கி, 250 என்று டைப் செய்ததும் டைப் எரர் வரும். இன்புட் எப்போதும் எழுத்துச் சரத்தைத்தான் தரும், எண்ணைத் தராது. பைத்தானுக்கு அது இருநூற்றைம்பது இல்லை, 2, 5, 0 என்ற மூன்று எழுத்துகள். எழுத்தையும் எண்ணையும் எது பெரியது என்று ஒப்பிட முடியாது என்று அது முறையிடுகிறது. ‘இன்ட்’ என்ற ஃபங்ஷனுக்குள் (ஒரு வேலையைச் செய்து விடை தரும், பெயரிட்ட கோடுத் துண்டு) போட்டு எண்ணாக மாற்றிவிட்டால் சரியாகிவிடும். மாற்றாமல் 2-ஆல் பெருக்கிப் பாருங்கள், 250250 என்று வரும். இதற்கு எரரே வராது என்பதைக் கவனியுங்கள்.

இப்போது சோதனை. ஒரே ஒரு எண்ணைப் போட்டுச் சரி வந்துவிட்டது என்று எழுந்துவிடக் கூடாது. எல்லைகளில்தான் பிழை ஒளிந்திருக்கும். 0, 100, 101, 200, 201, 400, 401 போடுங்கள். விடைகள் 0, 0, 2, 200, 204, 1000, 1006 என்று வர வேண்டும். 101-க்கு 2-க்குப் பதில் 202 வந்தால், 100-க்கு மேல் உள்ளதை மட்டும் பெருக்காமல் மொத்த யூனிட்டையும் பெருக்கியிருக்கிறீர்கள். அப்புறம் -5 போடுங்கள். ‘நூறு’ என்று எழுத்தில் போடுங்கள், வேல்யூ எரர் வரும். அதை எப்படிச் சமாளிப்பது என்று தேடினால் ‘ட்ரை’, ‘எக்செப்ட்’ இரண்டும் கண்ணில் படும். அதைப் பாடமாகப் படித்திருந்தால் எதற்கென்றே புரிந்திருக்காது, இப்போது தேவைக்குத் தேடியதால் உடனே புரியும்.

இது ஓடிய பிறகு உங்கள் வீட்டுப் பழைய பில்களை எடுங்கள். ஒவ்வொன்றிலும் உள்ள யூனிட்டைப் போட்டுத் தொகை பொருந்துகிறதா என்று பாருங்கள். எங்காவது இடிக்கும். அப்போது நிஜ விதிகளைத் தோண்ட வேண்டியிருக்கும். உதாரணமாக, 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்குக் கீழ் அடுக்குகளின் விலையே வேறு மாதிரி கணக்காகிறது. இஃப் மேல் இஃப் அடுக்கிக்கொண்டு போனால் புரோகிராம் சிக்கலாகிவிடும்.

இங்கேதான் லிஸ்ட் தேவைப்படுகிறது. அடுக்குகளை ஒரு பட்டியலாக வையுங்கள்: முதல் 100 யூனிட்டுக்கு 0, அடுத்த 100-க்கு 2, அடுத்த 200-க்கு 4, மீதிக்கு 6. ஒரு ஃபார் லூப் அந்தப் பட்டியலில் ஒவ்வோர் அடுக்காகச் செல்லட்டும். ஒவ்வொரு முறையும் மீதமுள்ள யூனிட், அந்த அடுக்கின் அளவு இரண்டில் எது சிறியதோ அதைப் பகுதியாக எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு இரண்டே வரி:

கட்டணம் = கட்டணம் + பகுதி * விலை
மீதி = மீதி - பகுதி

இந்த வரிகளைக் கணக்கு வகுப்புச் சமன்பாடு போலப் படித்தால் குழம்பும். வலது பக்கத்தைக் கணக்கிட்டு வரும் மதிப்பை இடது பக்கப் பெயரில் வை, அவ்வளவுதான் பொருள். 250 யூனிட்டை வைத்துக் கையால் ஓட்டிப் பாருங்கள். முதல் சுற்று முடிந்ததும் மீதி 150, கட்டணம் 0. இரண்டாம் சுற்றில் மீதி 50, கட்டணம் 200. மூன்றாம் சுற்றில் மீதி 0, கட்டணம் 400. லூப் புரியாதவர்கள் இப்படி மூன்று கட்டம் போட்ட அட்டவணையைப் பேப்பரில் நிரப்பினால் போதும், வேறு விளக்கம் தேவைப்படாது.

இனி விலை மாறினால் பட்டியலை மட்டும் மாற்றலாம், கணக்கிடும் பகுதியைத் தொட வேண்டாம். 500-க்கு மேல் வேறு பட்டியல் வேண்டுமா? இன்னொரு பட்டியல் வையுங்கள், எதை எடுப்பது என்று ஒரே ஒரு இஃப். கணக்கிடும் பகுதியை ஒரு ஃபங்ஷனாக்கிவிட்டால் எந்தப் பட்டியலையும் அதற்குக் கொடுக்கலாம். ஃபங்ஷன் எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எந்த வீடியோவிலும் கிடைக்காது என்பது என் கட்சி.

ரூபாயோடு பைசா வரும்போது ஒரு எச்சரிக்கை. பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள். 0.30000000000000004 என்று வரும். பைத்தானின் கோளாறு இல்லை இது. கம்ப்யூட்டர் தசம எண்களை இரும முறையில் வைத்திருப்பதால் வருவது, பல மொழிகளிலும் இப்படித்தான். பணக் கணக்கை எல்லாம் பைசாவாக மாற்றி முழு எண்ணில் செய்துவிட்டு, காட்டும்போது மட்டும் 100-ஆல் வகுத்தால் தொல்லை இல்லை.

ஐந்தாம் படி: ஃபைலில் சேமித்தல், தமிழோடு மல்லுக்கட்டுதல்

ஒவ்வொரு பில்லையும் தேதி, யூனிட், தொகை என்று ஒரு சிஎஸ்வி ஃபைலில் (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) சேருங்கள். மாதத் தலைப்பைத் தமிழில் எழுதிப் பாருங்கள். விண்டோஸில் பல பேருக்கு இங்கே ‘சார்மேப்’ என்று தொடங்கும் ஒரு யூனிகோட் எரர் வரும். ஃபைலைத் திறக்கும்போது என்கோடிங் (எழுத்துகளை எண்களாக மாற்றிச் சேமிக்கும் முறை) யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டால் தீரும். அந்த சிஎஸ்வியை எக்செலில் திறந்தால் தமிழ் குப்பையாகத் தெரிகிறதா? என்கோடிங்கை யூடிஎஃப்-8-சிக் என்று மாற்றி எழுதுங்கள், எக்செல் அடையாளம் கண்டுகொள்ளும். ஆங்கிலத்தில் கற்பவர்கள் வருடக்கணக்கில் சந்திக்காத சிக்கல் இது, நாம் முதல் மாதமே சந்திக்கிறோம். ஒருவகையில் நல்லதுதான்.

இன்னொரு சோதனையும் செய்து பாருங்கள். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தை ‘லென்’ கொண்டு கேளுங்கள். நமக்கு மூன்று எழுத்து. பைத்தான் 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று அது எண்ணுகிறது. யூனிகோடில் மெய்யும் உயிர்மெய்யும் இப்படித் தனித்தனிக் குறிகளாகத்தான் இருக்கின்றன. அதே சொல்லைத் தலைகீழாகத் திருப்பினால் புள்ளி முதலில் வந்து தொங்கும், ம-வின் இகரம் ழ-வோடு ஒட்டிக்கொண்டு ‘ழி’ ஆகிவிடும். மாலைமாற்று (முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றுபோலப் படிக்கும் சொல்) கண்டுபிடிக்கும் புரோகிராம் எழுத நினைத்தால் முதலில் சரத்தை எழுத்துகளாகப் பிரிக்க வேண்டும். அந்த வேலைக்கு ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற லைப்ரரி இருக்கிறது. அதை எடுக்கும் முன் நீங்களே ஒன்று எழுதிப் பாருங்கள். உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அதை முந்தைய எழுத்தோடு சேர்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் விதி. ஒரு மாலை நேரம் பிடிக்கும், லூப்பும் லிஸ்ட்டும் இஃபும் ஒரேயடியாகப் பழகிவிடும்.

எங்கே படிப்பது, யாரிடம் கேட்பது

இலவசமாகக் கிடைப்பதே தேவைக்கு மேல் இருக்கிறது. இலவச இணையப் பாடத் தளமான என்பிடெலில் சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் பைத்தானில் நடத்தும் பாடம் இருக்கிறது. அடிப்படை கொஞ்சம் பழகிய பிறகு அதற்குப் போங்கள், முதல் நாளே போனால் மூச்சு வாங்கும். பாடத்தைப் பார்க்கப் பணம் வேண்டாம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். தமிழில் படிக்க கணியம் தளத்தில் கட்டற்ற மென்பொருள் குறித்த கட்டுரைகளும் மின்னூல்களும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டாம், ஒன்று முடியும் வரை அதுவே.

காசு வாங்கும் சென்டர்களில் சேருவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: வகுப்பில் எத்தனை நேரம் நாங்களே டைப் செய்வோம், நாங்கள் எழுதியதை யார் படித்துத் திருத்துவார்கள்? இதற்கு நேரான பதில் வரவில்லை, ‘நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்’ என்ற பதில்தான் வருகிறது என்றால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

சாட்ஜிபிடி போன்றவற்றைப் பற்றி. எரர் செய்தியை ஒட்டி, ‘இதன் பொருளைத் தமிழில் விளக்கு, திருத்தித் தராதே’ என்று கேட்டால் அருமையான துணை. ஆங்கிலம் தடுமாறுபவர்களுக்கு முன்பெல்லாம் இப்படி ஒரு வசதி கிடையாது. ஆனால் ஈபி பில் புரோகிராமை எழுதித் தரச் சொன்னால் சில நொடிகளில் எழுதித் தந்துவிடும், உங்களுக்கு ஒன்றும் வந்திருக்காது. எல்லைகளைச் சோதிக்கத் தெரியாதவருக்கு அது தந்த விடை சரியா என்றும் தெரியாது. நீங்கள் எழுதி முடித்த பிறகு, ‘இதில் எந்த இன்புட் கொடுத்தால் உடையும்?’ என்று கேளுங்கள். அது நல்ல கேள்வி.

மனிதர்களிடம் கேட்கும்போது மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: என்ன செய்ய நினைத்தீர்கள், என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், நிஜத்தில் என்ன வந்தது. முழு எரரையும் எழுத்தாகவே ஒட்டுங்கள். கம்ப்யூட்டர் திரையைப் போனில் சாய்வாகப் படமெடுத்து அனுப்பிவிட்டு ‘அண்ணா, வேலை செய்யல’ என்று ஒரு வரி போட்டால் எந்த அண்ணனும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. பல நேரம் இந்த மூன்றையும் எழுதும்போதே பிழை உங்களுக்கே புலப்பட்டுவிடும்.

நேரம்? ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் உட்காருவதைவிட தினமும் முக்கால் மணி நேரம் மேல். நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனால் பழைய புரோகிராமை முதலிலிருந்து படிப்பதோடு திரும்பத் தொடங்குங்கள், புதுப் பாடத்துக்குப் பாயாதீர்கள்.

அடுத்து என்ன

ஈபி புரோகிராம் திடமாக ஓடத் தொடங்கியதும் கிட் கற்றுக்கொள்ளுங்கள். ஃபைலின் ஒவ்வொரு பதிப்பையும் நினைவில் வைத்துக்கொள்ளும் கருவி. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதியது அது. ஃபைனல், ஃபைனல்-2, நிஜ-ஃபைனல் என்று ஃபைல்களைப் பெருக்கிக்கொண்டு போவதிலிருந்து விடுதலை. முதலில் இனிட், ஆட், கமிட், லாக் என்ற நான்கு கட்டளைகள் தெரிந்தால் போதும். பிறகு, கோடை இணையத்தில் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றிவையுங்கள். அங்கே ஏற்றும் போது மின் இணைப்பு எண், வீட்டு முகவரி, பாஸ்வேர்டு எதுவும் ஃபைலுக்குள் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேறு யாராவது படிக்கப்போகிறார்கள் என்றால் மாறிப் பெயர்களை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுவதும் நல்லது, வேலை இடங்களில் அதுதான் வழக்கம்.

அதன் பிறகு எஸ்க்யூஎல், அதாவது தரவுத்தளத்திடம் கேள்வி (குவெரி) கேட்கும் மொழி. சிஎஸ்வியில் இருக்கும் பில் விவரங்களை எஸ்க்யூலைட் தரவுத்தளத்துக்கு மாற்றுங்கள். அதற்கான மாட்யூல் பைத்தானோடே வருகிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். போன வருடக் கோடையில் எத்தனை யூனிட் ஓடியது, எந்த இரண்டு மாதம் 500-ஐத் தாண்டியது என்று நீங்களே கேள்வி வைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு குவெரி எழுதுங்கள். இரண்டாவது மொழியைத் தொடுவதானால் இது முடிந்த பிறகு தொடுங்கள். அப்போதும் புதிதாக யோசிக்க வேண்டாம், இதே ஈபி பில்லை அந்த மொழியில் எழுதுங்கள். சோதனை எண்களும் விடைகளும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன.